ஒரு சிட்டிகைத் தூசி

ஒரு பொருளை நம்பிக் கையில் எடுப்பதற்கு முன் அதனிடம் எத்தனை கேள்விகள் கேட்கலாம்?

அண்ணி கேட்டுக்கொண்டிருக்கிறார். கடை மேசைமேல் ஐந்து மடக்குக்கத்திகள் வரிசையாகக் கிடக்கின்றன. சட்டைப் பையிலிருந்து, செய்தித்தாளில் மடித்த ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறார். உள்ளே வெள்ளைத் தூசி. சுவருக்குப் பார்த்த பட்டி காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது உதிருமே, அந்தத் தூசி. மாவைவிட நைசானது. ஒரு சிட்டிகை எடுத்து, முதல் கத்தியின் அலகும் பிடியும் சேருகிற மூட்டில் தூவுகிறார். பிறகு கத்தியைக் காதருகே வைத்துக்கொண்டு திறந்து மூடுகிறார். திறந்து மூடுகிறார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

“ஏம்மா, என்ன பண்றீங்க?” கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“தூசி போடறேங்க.”

“அது தெரியுது. புதுக் கத்தியில எதுக்குப் போடறீங்க?”

“வாங்கின பிறகு தினமும் விழப்போறதுதானே. வாங்கறதுக்கு முன்னாடியே விழட்டுமேன்னு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடையின் கூரையைப் பார்த்தேன். கட்டட வேலை நடக்கும் இடத்தில் பொருள் கிடங்கைக் கவனித்துக்கொள்பவன் நான். அண்ணியோடு போய்க் கத்திக்கு ரசீது வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கத்தியைக் குறுக்கு விசாரணை செய்வார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

முப்பதாவது தடவை மூடும்போது முதல் கத்தி நறநறவென்று பல்லைக் கடித்தது. அண்ணி அதைத் தள்ளிவைத்தார். தள்ளிவைத்ததோடு விடவில்லை. பையிலிருந்து ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து, தான் போட்ட தூசியைத் தானே துடைத்து, துணியால் அலகைத் தேய்த்து, பெட்டியில் இருந்ததைவிடச் சுத்தமாக அதைத் திருப்பி வைத்தார். ஐந்துக்கும் அப்படியே. கடைசியில், “எதுவும் சரிப்படலீங்க. உங்க சாமான் எதுவும் கெட்டுப்போகல, பாத்துக்கங்க” என்றார்.

“வேற கடை பாத்துக்கங்கம்மா” என்றார் கடைக்காரர். இருமிக்கொண்டே சொன்னதால் அதில் கோபம் கொஞ்சம் குறைந்தாற்போல இருந்தது.

அண்ணிக்கு நாற்பது வயதுக்குமேல் இருக்கும். கட்டுமானத்தில் பட்டி பார்க்கிற வேலை. பூசி முடித்த சுவரின் மேடு பள்ளங்களை நிரவி, காயவிட்டு, தேய்த்து, பெயிண்ட் அடிக்கிறவர்களுக்குக் கண்ணாடிபோலத் தயார் செய்து கொடுப்பது. ஆறு பேர் கொண்ட குழு. அதில் ஒருத்தி அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. பதினொரு வருடங்களாக ஒரே சாரத்தில் இருவரும் ஜோடியாக நிற்கிறார்கள். நாத்தனார் அண்ணி என்று கூப்பிட, குழுவும் அப்படியே கூப்பிடப் பழகியது. இப்போது அவரைவிடப் பத்து வயது மூத்த காண்ட்ராக்டர்கூட “அண்ணி எங்க?” என்றுதான் கேட்கிறார். நாத்தனாருக்கு அண்ணி வைத்த பெயர் மகராணி. மதியம் சாப்பிட்டபின் கால்நீட்டி உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டிலை யாராவது எடுத்துத் தரட்டும் என்று காத்திருப்பாளாம். அதனால்.

எதையும் சோதிக்காமல் அண்ணி தொடுவதில்லை. சாரத்தில் ஏறுமுன் ஒவ்வொரு குறுக்குக் கட்டையையும் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டுவார். தினமும் ஏறுகிற சாரம்தான், தினமும் தட்டுகிற கட்டைதான். பட்டி கலக்கும் தண்ணீரை முகர்ந்து பார்ப்பார். கிடங்கில் நான் நீட்டுகிற மூட்டையை இரண்டு கையாலும் அமுக்கி, உள்ளே கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். என் அறையில் இருக்கும் நாற்காலியில் உட்காரச் சொன்னால் முதலில் அதன் முதுகைப் பிடித்து ஆட்டுவார்.

குழுவில் ஆறடிக்குமேல் வளர்ந்த ஒருவர் உண்டு. ஏணி என்று பெயர். அவர் ஒருநாள் கேட்டார்: “ஏன் அண்ணி, கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனையும் இப்படித்தான் தட்டிப் பாத்தீங்களா?”

“அங்கதான்பா அவசரப்பட்டுட்டேன்.”

“எங்க அண்ணனுக்கு என்ன கொறச்சல்?” என்றாள் மகராணி சாரத்தின் மறுமுனையிலிருந்து.

“கொறச்சல் ஒண்ணுமில்ல. கூட நீ வருவேன்னு ஒருத்தரும் சொல்லல.”

பட்டி பார்க்கிறவர்களுக்குக் கத்தி எதற்கு என்று நானும் முதலில் நினைத்தேன். பார்த்தபிறகுதான் தெரிந்தது, அவர்கள் அரைமணிக்கு ஒருதரம் எதையாவது அறுக்கிறார்கள். மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை, வாளி மூடியைச் சுற்றிய பட்டை, சன்னலை மறைத்துக் கட்டிய தாள், சாரத்துக் கயிற்றின் நுனி, டேப், பசைக் குழாயின் மூக்கு. ஒடித்து ஒடித்துத் தள்ளுகிற பிளேடு கட்டர் இருக்கிறதே என்று நான் சொன்னேன். “ஒடிச்ச துண்டு கீழ விழும் சார். கீழ வெறுங்காலோட ஆளுங்க நடக்கறாங்க” என்றார் அண்ணி. மடக்காத கத்தி? “சாரத்துல குனியறப்ப இடுப்புல குத்தும்.” ஆகவே மடக்குக்கத்தி.

விலை? ஒருநாள் கூலிக்குமேல் போகக்கூடாது. இது கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். அண்ணியின் கணக்கு வேறு. “விலை கூடின கத்திய வேலைக்குக் கொண்டுவர மனசு வராது சார். வீட்டு அலமாரியில துணிக்கு நடுவுல வச்சிருப்பாங்க. இங்க வந்து பல்லால கடிப்பாங்க. தொலைஞ்சா அழாத கத்திதான் வேலைக்கு வர்ற கத்தி.” நிறமும் முக்கியம். கறுப்பு, இடிபாட்டில் தொலையும். வெள்ளை, தூசியில் தொலையும். ஆரஞ்சு நிறப் பிடி கிடைத்தால் உத்தமம்.

இத்தனை தெரிந்தவர் என்பதால் குழுவில் ஆறு பேருக்கும் அண்ணிதான் கத்தி வாங்குவார். அவர் கையால் வாங்கிய கத்தியை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அப்படியே பையில் போட்டுக்கொள்வார்கள்.

அந்தக் கத்திகளில் ஒன்றுதான் மகராணியின் விரலை வெட்டியது.

முதுகில் பூட்டு உள்ள கத்தி அது. அலகைத் திறந்தால் முதுகுப் பக்கத்தில் ஒரு சின்னப் பல் ஒரு பள்ளத்தில் போய் விழுந்து பூட்டிக்கொள்ளும். மகராணி வாளி மூடியின் பட்டையில் முனையைக் கொடுத்து அழுத்தினாள். பூட்டு பிடிக்கவில்லை. அலகு மடங்கி, பிடியைச் சுற்றியிருந்த ஆள்காட்டி விரலின் மேல் விழுந்தது. தோலோடு நிற்கவில்லை, விரலை மடக்குகிற நரம்பும் போயிற்று. தைத்தார்கள். காயம் ஆறியது. விரல் மட்டும் அன்றிலிருந்து நீட்டினபடியே நிற்கிறது, யாரையோ எப்போதும் சுட்டிக்காட்டுவதுபோல.

மறுநாள் குழு முழுவதும் கத்தியைத் திட்டியது. விற்ற கடைக்காரனைத் திட்டியது. ஏணி கடைக்கே போய்ச் சண்டை போடப் புறப்பட்டுவிட்டார். அண்ணி வழியை மறித்து நின்றார்.

“கத்தி மேல தப்பில்ல. கடைக்காரர் மேலயும் இல்ல. போன வாரம் எல்லார் கத்தியும் இறுக்கமா இருக்குன்னு சொன்னீங்களே, தையல் மிஷின் எண்ணெய் போட்டது யாரு? நான். எண்ணெயும் பட்டித்தூசியும் சேந்தா என்ன ஆகும்? களிம்பாகும். காஞ்சா கல்லு. அந்தப் பள்ளத்துல போய் உக்காந்திருக்கு. பல்லு பாதிதான் இறங்கியிருக்கு. ‘டக்’குனு சத்தம் கேட்டுச்சு, பூட்டிடுச்சுன்னு நெனச்சிருப்பா.”

சொல்லிவிட்டு மற்ற ஐந்து கத்திகளையும் எடுத்து, ஊசியால் ஒவ்வொன்றின் பள்ளத்தையும் கிளறிக் காட்டினார். நான்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ இறுகிக் கிடந்தது.

அதை அவர் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. எண்ணெய் விஷயம் யாருக்கும் தோன்றியிருக்காது. ஒரு மனிதர் தன் தப்பைத் தானே தேடிப்போய்க் கண்டுபிடித்து, ஊசி முனையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒருவரை வியக்க எனக்கு நாளாகும். அன்று அதிக நேரம் ஆகவில்லை.

நான்கு மாதம் கழித்து மகராணி வேலைக்குத் திரும்பினாள். பேச்சு பழையபடிதான் இருந்தது. கத்தியை மட்டும் தொடவில்லை. உறையைப் பல்லால் கிழித்தாள். பட்டையை ஆணியால் நெம்பினாள். கயிறாக இருந்தால் ஏணியைக் கூப்பிட்டாள்.

“எனக்குக் கத்தி வேணாம் அண்ணி. முப்பத்திரெண்டு பல்லு இருக்கு. ஒரு பல்லு மடங்கி வெட்டினதா சரித்திரமே இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் மேல்மாடிகளில் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு சாரத்திலும் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு முனை. ஒரு முனையில் இருப்பவருக்கு ஒரு கயிறு சிக்கினால் மறுமுனையில் இருப்பவர் வந்து அறுத்துவிட முடியாது. “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கத்தி பிடிக்காதவங்கள நான் மேல ஏத்த மாட்டேன். கீழ தண்ணி எடுக்கட்டும், கூட்டட்டும்” என்றார். கீழ்வேலைக்குப் பாதிக் கூலி. அதைவிட, பதினொரு வருடம் மேலே நின்றவள் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். விபத்து நடந்த இடம் என்பதால், புதுக் கத்திக்குச் செலவைத் தானே ஏற்பதாகவும் அவரே சொன்னார். ரசீதோடு நான் அதற்குள் வந்தது அப்படித்தான்.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை அண்ணி வலது ஆள்காட்டி விரலில் ஒரு ஐஸ் குச்சியை வைத்து, டேப்பால் இறுகச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். விரல் மடங்காது. அந்த விரலோடு பட்டித் தகட்டைப் பிடித்தார். மூட்டை தூக்கினார். சட்டைப் பொத்தான் போட்டார். இரண்டு தடவை தகடு நழுவிக் கீழே விழுந்தது.

மகராணி முதலில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு புரிந்தது. புரிந்ததும் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே எறிந்தாள்.

“என்ன அண்ணி இது? என்னைப் பழிச்சுக் காட்டறியா?”

“இல்லடி.”

“அப்ப பாவம் பாக்கறியா? நீயும் விரல நீட்டிக்கிட்டுத் திரிஞ்சா என் விரல் மடங்கிடுமா? ஊரே பாத்து, ஆகா எப்பேர்ப்பட்ட அண்ணின்னு சொல்லணுமா?”

“பாவமும் இல்ல, பரிதாபமும் இல்ல. அளவு எடுக்கறேன்.”

“என்ன அளவு?”

“உன் கைக்கு எது முடியும், எது முடியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்ல மாட்ட. கேட்டா பல்லைக் காட்டற. டெய்லர் உடம்பத் தொடாம சட்டை தைக்கலாமா?”

மகராணி அன்று மதியம் தண்ணீர்ப் பாட்டிலைத் தானே போய் எடுத்துக்கொண்டாள். அவள் அகராதியில் அது கோபத்தின் உச்சம்.

ஏழு நாள் அந்தக் குச்சி விரலில் இருந்தது. ஐந்தாவது நாளே அண்ணிக்குச் சில விஷயங்கள் தெரிந்திருந்தன. ஆள்காட்டி விரல் இல்லாவிட்டால் பிடி நடுவிரலுக்குப் போகிறது. ஆகவே பிடி ஒல்லியாக இருக்கக்கூடாது. நகத்தால் பிடித்து இழுத்துத் திறக்கிற கத்தி உதவாது; கட்டைவிரல் ஒன்றே அலகைத் தள்ளித் திறக்க வேண்டும். தானாகத் துள்ளித் திறக்கிற ஸ்பிரிங் கத்தியும் கூடாது. “அது துள்றப்ப நெஞ்சும் சேந்து துள்ளும் சார். ஏற்கெனவே பயந்த கை.” இவற்றையெல்லாம் அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. என்னிடம் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். குச்சி கட்டிய விரலுக்கு வந்தபோது தாண்டிப் போனார்.

முதல் கடை விரட்டியதை முன்பே சொன்னேன். இரண்டாவது கடையில் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே மறுத்துவிட்டார்கள். மூன்றாவது, ஆணி, தாழ்ப்பாள், பெயிண்ட் எல்லாம் விற்கிற குறுகலான கடை. உள்ளே இருந்த மனிதர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அண்ணியின் விரலைப் பார்த்தார்.

“விரல்ல அடியாம்மா?”

“இல்லீங்க. இது என் நாத்தனார் விரல்.”

அவருக்கு எதுவும் புரிந்திருக்காது. ஆனால் தன்னிடமிருந்த ஒன்பது விதக் கத்திகளையும் எடுத்துப் பரப்பினார். ஒருநாள் கூலியைத் தாண்டிய இரண்டு உடனே உள்ளே போயின. ரம்பப் பல் வைத்தது ஒன்று; கயிறு நன்றாக அறுக்கும், மழுங்கினால் வேலையிடத்தில் தீட்ட முடியாது. அதுவும் போயிற்று. மற்றவற்றை அண்ணி ஒவ்வொன்றாகச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, மடக்கிய பிடிக்குள் ஒரு கண்ணால் பார்த்தார்.

“என்னம்மா பாக்கறீங்க?”

“அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுதான்னு. தூசி உள்ள வர்றத யாரும் தடுக்க முடியாது. வந்தது வெளிய போக வழி இருக்கணும்ல?”

வெளிச்சம் தெரியாத இரண்டு போயின. நான்கு மிஞ்சின. தூசிப் பொட்டலம் வெளியே வந்தது. முப்பது தடவை திறத்தல், முப்பது தடவை மூடல். இவர் விரட்டவில்லை. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, ஒரு வாடிக்கையாளர் தாழ்ப்பாள் கேட்டதைக்கூடக் காதில் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கும் தேறின. ரசீது கைக்கு எட்டிவிட்டது என்று நான் பேனாவை எடுத்தேன்.

அண்ணி பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். இது பிளாஸ்டிக் தாளில் மடித்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ இருந்தது.

“இது என்னம்மா களிம்பு?”

“இதுவா? இது என் தப்பு.” எண்ணெயில் குழைத்த பட்டித்தூசி அது. ஒரு தீக்குச்சியால் அதைத் தொட்டு எடுத்து, நான்கு கத்திகளின் மூட்டிலும் பூட்டிலும் தாராளமாக அப்பினார். “போன தடவ தூசிய மட்டும்தான் சோதிச்சேன். என்னைச் சோதிக்கல. நாளைக்கு நான் மறந்துபோய் எண்ணெய் போடுவேன். இல்ல வேற யாராவது போடுவாங்க. அதையும் இந்தக் கத்தி தாங்கணும்ல? நாளைக்கு வரேங்க. காயட்டும்.”

“என் கடையிலயா?”

“வாங்காத சாமான எடுத்துட்டுப் போனா நல்லா இருக்காதுங்களே.”

அவருக்கு அந்த நியாயம் பிடித்துவிட்டது. நான்கு கத்திகளையும் ஒரு அட்டையில் வைத்து, மேலே ‘தொடாதீர்’ என்று எழுதி, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஏற்றினார்.

என் மேசை இழுப்பறையில் சில தத்துவப் புத்தகங்கள் உண்டு. எதை நம்பலாம், எதை ஐயப்படலாம் என்று பக்கம் பக்கமாக வாதிடுபவை. ஒருநாள் அண்ணி ஒன்றைப் புரட்டிவிட்டு, “முடிவு என்னான்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க சார்” என்று மூடி வைத்தார். அன்று மாலை அந்தப் புத்தகத்தை எடுத்தேன். உலகத்தை ஐயப்படுகிற பக்கங்கள் ஏராளமாக இருந்தன. தன் கை நாளைக்குச் செய்யப்போகிற தவற்றைப் பொட்டலமாக மடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் எவரும் அதில் இல்லை.

மறுநாள் நாங்கள் போனபோது கடைக்காரர் அட்டையை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். “நான் தொடலம்மா. பார்த்தேன், அவ்வளவுதான்” என்றார். அவர் நகக்கண்ணில் சாம்பல் நிறம் இருந்தது.

நான்கு கத்திகளும் அடைத்துக்கொண்டிருந்தன. நான்கும் தோற்றன என்றுதான் நான் நினைத்தேன். அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்தார். முதல் மூன்றும் திறந்து, ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன. கைமேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். மூன்றும் மடங்கின. நான்காவது திறந்தது, சத்தமே போடவில்லை. பிடியின் உள்பக்கத்தில் ஒரு தகடு விலகி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும். அது பாதியில் நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது. அண்ணி தீக்குச்சியை ஒடித்து, அந்த இடைவெளியில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்தார். களிம்பு பொருக்காக உதிர்ந்தது. மறுபடி திறந்தார். தகடு முழுவதும் வந்து நின்றது. தட்டினார். மடங்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். மேசையில் இருந்த ஆணி டப்பா குதித்தது, கத்தி அசையவில்லை.

“அடைக்காத கத்தின்னு ஒண்ணு கெடையாதுங்க” என்றார் கடைக்காரரிடம், ஏதோ அவர்தான் கேட்டதுபோல. “அடைச்சிருக்கறத மறைக்காத கத்தி இருக்கு. அந்த மூணும் பூட்டிட்டேன்னு பொய் சொல்லிச்சு. இது சொல்லல.”

அலகில் கட்டைவிரலுக்கு ஒரு துளை. ரிவிட் அடிக்காமல் ஸ்க்ரூ போட்டது, கழற்றிக் கழுவலாம். பிடி ஆரஞ்சு இல்லை, பச்சை. அண்ணி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “மகராணிக்குப் பச்சை பிடிக்கும்” என்றார். விலை ஒருநாள் கூலியில் முக்கால் பங்கு. ரசீது எழுதும்போது கடைக்காரர், “மத்த மூணையும் நானும் விக்கப்போறதில்ல போங்க” என்றார். குரலில் நஷ்டப்பட்டவரின் வருத்தம் இல்லை.

கடைவாசலிலேயே அண்ணி விரலிலிருந்த டேப்பை உரித்து, குச்சியை எறிந்தார். உள்ளே விரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இரண்டு தடவை மடக்கிப் பார்த்துக்கொண்டார். பிறகு கத்தியின் மூட்டில் எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டார். அது வழுக்கும், தூசியைப் பிடித்து வைக்காது.

மகராணி அதை வாங்கவில்லை.

“நீ சோதிச்சிருப்ப. எனக்குத் தெரியும். போன தடவையும்தான் சோதிச்ச.”

அது எங்கே போய்த் தைக்கும் என்று தெரிந்துதான் சொன்னாள். ஏணி திரும்பி நின்றுகொண்டார்.

“ஆமா. சோதிச்சேன்” என்றார் அண்ணி. கத்தியைச் சாரத்துப் பலகையில், மகராணியின் முனையில் வைத்துவிட்டுத் தன் முனைக்குப் போனார். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. மேலே வெள்ளையாகத் தூசி படிந்தது. மகராணி அதைத் தாண்டித் தாண்டி வேலை செய்தாள். உறையைப் பல்லால் கிழித்தாள். மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் காலை அண்ணி கிடங்குக்கு வந்தார். மூட்டை கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன்னுடைய கத்தியை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“இத நீங்க வச்சுக்கங்க சார்.”

“தீட்டணுமா?”

“இல்ல. எனக்கு வேணாம்.”

“அப்ப உங்களுக்குப் புதுசு வாங்கணுமா? இன்னொரு ரசீது...”

“வேணாம் சார்.”

“கத்தி பிடிக்காதவங்கள மேல ஏத்த மாட்டேன்னு காண்ட்ராக்டர் சொன்னாரே.”

“அவர் கேட்டா, ஜோடிக்கு ஒண்ணு போதும்னு அண்ணி சொன்னாங்கன்னு சொல்லுங்க.”

“ஏன் அண்ணி?”

“மூட்டை குடுங்க சார். வெயில் ஏறுது.”

பிறகும் கேட்டிருக்கிறேன். ஏணி கேட்டார். காண்ட்ராக்டர் ஒருநாள் சத்தம் போட்டே கேட்டார். ஒவ்வொருவரிடமும் அவர் வெயில், தண்ணீர், காய்கிற பட்டி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி நகர்ந்துவிட்டார். தன்மீதே நம்பிக்கை போய்விட்டது என்று ஏணி நினைக்கிறார். அது ஒரு தந்திரம் என்று காண்ட்ராக்டர் நினைக்கிறார். என்ன நினைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்றுவரை அவரிடம் கத்தி கிடையாது.

அன்று மூட்டையை நானே சுமந்துகொண்டு பின்னால் போனேன். அண்ணி கட்டைகளைக் குதிகாலால் தட்டிக்கொண்டே ஏறினார். மூட்டையை வாங்கி, வெளிச்சாக்கின் தையலை உருவி, உள்ளிருந்த தடித்த பிளாஸ்டிக் உறையின் வாயை மேலே இழுத்தார். இரண்டு கையாலும் அதை விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். கிழிபட வேண்டிய கோட்டுக்கு இருபுறமும், ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லாமல், அவருடைய விரல்கள் இருந்தன.

“மகராணி, இதப் பிரி.”

“இரு, ஆணி எங்க...”

“ஆணி வேணாம். தூள் சிந்தும்.”

மகராணி குனிந்து பல்லைக் கொண்டுபோனாள். உறை இரட்டையாக இருந்தது. வாயில் வழுக்கியது. நிமிர்ந்து அண்ணியின் இடுப்பைப் பார்த்தாள், சட்டைப் பையைப் பார்த்தாள். “உன் கத்தி எங்க?”

“இல்ல.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இல்ல.”

கீழே யாரோ இரும்புக் கம்பியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மகராணி பலகையில் கிடந்த பச்சைக் கத்தியைப் பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு அதை எடுத்து, மேலிருந்த தூசியை ஊதினாள். பிடிக்குள் ஒரு கண்ணை வைத்து அந்தப் பக்கம் பார்த்தாள். நீட்டிய விரல் ஒருபுறம் தனியாக நிற்க, கட்டைவிரலைத் துளையில் கொடுத்துத் தள்ளினாள். அலகு திறந்தது. உள்ளே தகடு முழுவதும் வந்து நின்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அலகின் முதுகைப் பலகையில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

கத்தி முனை உறையின் மேல் அங்கும் இங்கும் ஆடியது.

“அண்ணி, கைய எடு.”

“நான் விட்டா உறை தொய்யும். நீ பிரி.”

“பட்டுடும் அண்ணி. எடு.”

அண்ணி கையை எடுக்கவில்லை. கத்தியைப் பார்க்கவும் இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, அடுத்த பூச்சை எங்கிருந்து தொடங்கலாம் என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.